மூளைக்குள் ஒரு கரை: பக்கவாதத்துக்குப் பிறகு ரத்த-மூளைத் தடுப்பைக் காப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பக்கவாதப் பிரிவில் செவிலியராகப் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேரும் செவிலியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் உண்டு. நோயாளியின் வீட்டார் வார்டு வாசலில் நிறுத்திக் கேட்பவை, மாணவிகள் இரவுப் பணியில் கேட்பவை இரண்டையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டு நோயாளிக்கு என்ன செய்வது என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவர் சொல்வது ஏன் என்று புரிய இது உதவும்.

ரத்த-மூளைத் தடுப்பு என்றால் என்ன? அது தனியாக ஓர் உறுப்பா?

தனி உறுப்பு இல்லை. மூளைக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவருக்கே அந்தப் பெயர். உடம்பின் மற்ற இடங்களில் இந்தக் குழாய்ச் சுவரின் செல்களுக்கு நடுவே மெல்லிய சந்துகள் உண்டு. அவற்றின் வழியே நீரும் சத்தும் சில புரதங்களும் கசிந்து திசுவுக்குப் போய்ச் சேரும். மூளையில் அந்தச் சந்துகள் அடைபட்டிருக்கின்றன. கிளாடின்-5, ஆக்லூடின் போன்ற புரதங்கள் ஒரு செல்லை அடுத்த செல்லோடு இழுத்துப் பூட்டி வைத்திருக்கின்றன. சாதாரணக் கோரைப்பாய்க்கும் பத்தமடைப் பட்டுப்பாய்க்கும் உள்ள நெருக்க வித்தியாசத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் செல்களுக்கு வெளியே கொலாஜனும் லேமினினும் சேர்ந்த ஒரு சவ்வு. அதன்மேல் பெரிசைட் என்னும் செல்கள் குழாயைக் கட்டிப் பிடித்திருக்கும். அதற்கும் வெளியே ஆஸ்ட்ரோசைட் செல்கள் தங்கள் பாதங்களைப் பதித்திருக்கும். ஆக்சிஜன் தானாக உள்ளே போகும். குளுக்கோஸுக்குத் தனி வாசல் உண்டு. மற்றவற்றில் பெரும்பாலானவை கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். ஒரு மனித மூளையில் இப்படிப்பட்ட நுண்குழாய்களை நீட்டி வைத்தால் ஏறக்குறைய 600 கிலோமீட்டர் வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சென்னையிலிருந்து திருநெல்வேலி வரை போகும் தூரம். அவ்வளவு நீளத்துக்கும் காவல் இருக்கிறது.

இப்படி ஒன்று இருப்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

1885இல் ஜெர்மனியில் பால் எர்லிக், விலங்குகளின் ரத்தத்தில் சாயத்தைச் செலுத்திப் பார்த்தார். எல்லா உறுப்பும் நிறம் மாறியது, மூளையும் தண்டுவடமும் மட்டும் மாறவில்லை. மூளைக்குச் சாயம் பிடிக்கும் தன்மை இல்லை போலும் என்று அவர் நினைத்தார். அவரிடம் பயின்ற எட்வின் கோல்ட்மேன் 1913இல் அதே மாதிரிச் சாயத்தை மூளையைச் சுற்றியுள்ள நீரில் நேராகச் செலுத்தினார். இப்போது மூளை நிறம் மாறியது, உடம்பு மாறவில்லை. நடுவே ஏதோ தடுக்கிறது என்பது அப்போதுதான் தெளிவானது.

அதற்குப் பெயர் கிடைத்தது 1921இல், ஜெனீவாவில் வேலை பார்த்த லீனா ஸ்டெர்ன் என்பவரிடமிருந்து. இந்தப் பெண்மணியைப் பற்றி மாணவிகளிடம் சொல்லாமல் நான் பாடத்தை ஆரம்பிப்பதில்லை. ஜெனீவாப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பேராசிரியர். பிறகு மாஸ்கோவுக்குப் போய், 1939இல் சோவியத் அறிவியல் கழகத்தின் முதல் பெண் முழு உறுப்பினரானார். காசநோய் மூளைக்காய்ச்சலில் ஸ்ட்ரெப்டோமைசின் இந்தத் தடுப்பைத் தாண்டிப் போகாது என்பதால் அதை மூளை நீருக்குள்ளேயே செலுத்த வழி செய்தவர். 1949இல், ஸ்டாலின் காலத்தில், யூதர்களின் பாசிச எதிர்ப்புக் குழுவில் இருந்ததற்காகக் கைது செய்யப்பட்டார். அந்த வழக்கில் 13 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவர் நாடுகடத்தப்பட்டு உயிர் தப்பினார், 1953இல் திரும்பி வந்து மறுபடி ஆய்வில் உட்கார்ந்தார்.

தடுப்பு செல்களின் பூட்டில்தான் இருக்கிறது என்பதை 1967இல் ரீஸும் கார்னோவ்ஸ்கியும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காட்டினார்கள்.

பக்கவாதத்தில் இந்தத் தடுப்புக்கு என்ன ஆகிறது?

பெரும்பாலான பக்கவாதங்கள் அடைப்பால் வருபவை. ஒரு ரத்தக்கட்டி வந்து குழாயை மூடிக்கொள்கிறது. பெரிய குழாய் அடைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்புச் செல்கள் சாகின்றன என்று 2006இல் ஒரு கணக்கு வந்தது. எல்லாரும் நரம்புச் செல்களைப் பற்றியே பேசுகிறோம். அதே நேரத்தில் குழாய்ச் சுவரின் செல்களும் பட்டினி கிடக்கின்றன என்பதை மறந்துவிடுகிறோம்.

நடப்பது படிப்படியானது. முதல் நிமிடங்களில் செல்களுக்குச் சக்தி தீர்ந்து, உப்பை வெளியேற்றும் பம்புகள் நின்றுபோகும். உப்பு உள்ளே தங்கும், நீர் அதைத் தேடி உள்ளே வரும், செல் ஊதும். அப்போது சுவர் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறது. சில மணி நேரத்தில் பூட்டுப் புரதங்கள் இடம் மாறத் தொடங்கும். எம்.எம்.பி-2, எம்.எம்.பி-9 என்னும் நொதிகள் விழித்துக்கொண்டு, சுவருக்கு அடியில் இருக்கும் கொலாஜன் சவ்வை அரிக்கும். அப்புறம் வெள்ளை அணுக்கள் வந்து சேரும். காப்பாற்ற வருபவைதான், ஆனால் அவற்றின் கையிலும் எம்.எம்.பி-9 நிறைய இருக்கிறது.

சுவர் விட்டுக்கொடுத்ததும் ரத்தத்திலிருந்து நீரும் ஆல்புமின் போன்ற புரதங்களும் மூளைத் திசுவுக்குள் இறங்கும். வீக்கம் கூடும். இன்னும் மோசமானால் சிவப்பணுக்களே வெளியேறும். அதைத்தான் மருத்துவர்கள் ‘அடைப்புப் பகுதி ரத்தக்கசிவாக மாறிவிட்டது’ என்று சொல்வார்கள். வீக்கம் பெரும்பாலும் 2ஆம் நாளிலிருந்து 5ஆம் நாளுக்குள் உச்சத்துக்குப் போகும். ‘முதல் நாள் நன்றாகப் பேசினாரே, மூன்றாம் நாள் ஏன் இப்படி மயங்கிக் கிடக்கிறார்’ என்று வீட்டார் கேட்பது இதனால்தான்.

அடைப்பை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடாதா?

எடுக்கத்தான் வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எப்போது எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் ஊர்க் கண்மாயைச் சொல்லி விளக்குகிறேன். கோடையில் வாய்க்கால் காய்ந்து கிடந்தால் கரை வெடிப்பு விடும். இரண்டு நாள் காய்ந்த கரைக்கு மடையைத் திறந்தால் ஒன்றும் ஆகாது. இரண்டு மாதம் காய்ந்து, ஆழமாக வெடிப்பு விட்ட கரைக்கு ஒரே வீச்சில் தண்ணீரைத் திறந்தால் கரை உடைத்துக்கொள்ளும். மூளையில் அந்த இரண்டு மாதம் என்பது சில மணி நேரம்.

கட்டியைக் கரைக்கும் ஊசியான ஆல்டிபிளேஸ், 1995இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வுக்குப் பிறகு பக்கவாதத்துக்கு வந்தது. முதல் 3 மணி நேரத்துக்குள் போட்டால் 3 மாதம் கழித்துக் குறைபாடு இல்லாமல் அல்லது மிகக் குறைந்த குறைபாட்டோடு இருக்கும் வாய்ப்பு குறைந்தது 30 சதவீதம் கூடியது. அதே ஆய்வில், நிலையை மோசமாக்கும் அளவுக்கு மூளையில் ரத்தக்கசிவு ஆனவர்கள், ஊசி போட்டவர்களில் 6.4 சதவீதம், போடாதவர்களில் 0.6 சதவீதம். இரண்டு எண்ணையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். 2008இல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று இந்த நேர எல்லையை நாலரை மணி நேரத்துக்கு நீட்டியது. அதற்கு மேல் சாதாரணமாகப் போடாததற்கு ஒரு முக்கியக் காரணம் இந்தக் கரைதான். நேரம் ஆக ஆகக் காப்பாற்றக்கூடிய மூளை குறைகிறது, சுவரின் வெடிப்பு கூடுகிறது.

இன்னொரு சங்கடமும் உண்டு. கட்டியைக் கரைக்கும் மருந்தே, மூளைத் திசுப் பக்கம் போனால், சுவரைத் தளர்த்தும் சில சமிக்ஞைகளைத் தூண்டிவிடுகிறது. எலிகளில் 2008இல் இதைக் காட்டியிருக்கிறார்கள்.

குழாய் வழியாக உள்ளே போய்க் கட்டியை இழுத்து எடுக்கும் சிகிச்சை 2015இல் வந்த ஐந்து ஆய்வுகளுக்குப் பிறகு நிலைபெற்றது. ஸ்கேனில் காப்பாற்றக்கூடிய பகுதி இன்னும் இருப்பது தெரிந்தால், தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்யலாம் என்று 2018இல் தெரியவந்தது. அதனால் ‘நேரமாகிவிட்டது, இனிப் போய் என்ன பயன்’ என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

ரத்தக்கசிவு அபாயம் இருக்கிறதென்றால் ஊசி வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிடலாமா?

தகுதியுள்ள நோயாளி, நேரத்துக்குள் வந்திருக்கிறார், மருத்துவர் போடலாம் என்கிறார் என்றால் தயங்காதீர்கள். மேலே சொன்ன 30 சதவீத நன்மை, கசிவு ஆனவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டதுதான். சித்தப்பா வரட்டும், மாமாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வாசலில் கழியும் அரை மணி நேரம் என்னை மிகவும் வருத்தும். அந்த அரை மணி நேரமும் கரை காய்ந்துகொண்டிருக்கிறது.

பிரஷர் 200 இருக்கிறது. ஏன் உடனே குறைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்?

இதுதான் எங்களிடம் அதிகம் சண்டை போடப்படும் கேள்வி. அடைப்புக்கு அப்பால் இருக்கும் மூளைப் பகுதி, பக்கத்துச் சின்னக் குழாய்களின் வழியே கொஞ்சம் ரத்தத்தை வாங்கி உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த ரத்தத்தை அங்கே தள்ளுவது இந்த உயர்ந்த அழுத்தம்தான். அதைச் சட்டென்று இறக்கினால் அந்தப் பகுதியும் போய்விடும், அங்குள்ள சுவரும் போய்விடும். அதனால் கரைக்கும் ஊசியோ கட்டி எடுக்கும் சிகிச்சையோ இல்லாத நோயாளிக்கு, வேறு அவசரக் காரணம் இல்லையென்றால், 220/120 வரை முதல் ஒன்றிரண்டு நாள் விட்டுவைப்பதுதான் வழக்கம்.

ஊசி போடுவதென்றால் கணக்கே வேறு. போடும் முன் 185/110க்குக் கீழே வர வேண்டும். போட்ட பிறகு 24 மணி நேரம் 180/105க்குள் வைத்திருக்க வேண்டும். ஏனென்றால் இப்போது மடை திறந்தாகிவிட்டது, அழுத்தம் நேராகத் தளர்ந்த சுவரில் போய் மோதும். அப்படியானால் இன்னும் நன்றாகக் குறைத்துவிடலாமே என்று தோன்றும். கட்டியை இழுத்து எடுத்த நோயாளிகளுக்கு மேல் அழுத்தத்தை 120க்குக் கீழே இறக்கிப் பார்த்த சீன ஆய்வு 2022இல் வந்தது. அவர்களுக்குக் குறைபாடு அதிகமானது. 140க்குக் கீழே இறக்கிய கொரிய ஆய்வும் 2023இல் அதையே சொன்னது. கூடினாலும் கெடுதல், குறைந்தாலும் கெடுதல்.

ஒருவரை என்னால் மறக்க முடியாது. ஐம்பது வயது விவசாயி. காலையில் வரப்பில் நடக்கும்போது வலது கை தொங்கிவிட்டது. வழியில் ஒரு சின்ன கிளினிக்கில் நிறுத்தியிருக்கிறார்கள். பிரஷர் 210 என்று பார்த்ததும் நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைத்து அனுப்பிவிட்டார்கள். எங்களிடம் வந்து பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றியபோது 96/60. காலையில் கையைப் பாதி தூக்கினார் என்று அவர் மனைவி திரும்பத் திரும்பச் சொன்னார். நான் தூக்கச் சொன்னபோது விரல்கூட அசையவில்லை. அந்த மாத்திரையைக் கொடுத்தவரும் நல்லது செய்வதாகத்தான் நினைத்திருப்பார். அதனால்தான் இதை எழுதுகிறேன்: பக்கவாதம் என்று சந்தேகம் வந்தால் வழியில் யார் சொன்னாலும் பிரஷர் மாத்திரை வேண்டாம்.

ஊசி போட்ட ராத்திரி முழுக்க நோயாளியைத் தூங்கவிடாமல் எழுப்பிக்கொண்டே இருக்கிறீர்களே?

முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு முறை, அடுத்த 6 மணி நேரம் அரை மணிக்கு ஒரு முறை, பிறகு 24 மணி நேரம் ஆகும்வரை மணிக்கு ஒரு முறை. ஒவ்வொரு முறையும் பிரஷர் பார்ப்போம், கண்ணில் டார்ச் அடிப்போம், இரண்டு கையையும் நீட்டச் சொல்வோம், பேரைக் கேட்போம். சுவர் உடைந்தால் முதலில் தெரிவது இந்தச் சின்னக் கேள்விகளில்தான்.

ஒரு பெரியவர், ஓய்வு பெற்ற வாத்தியார், ஊசிக்குப் பிறகு நன்றாகத் தேறிவந்தார். நடு ராத்திரிக்கு எழுப்பினேன். ‘மறுபடியுமா அம்மா’ என்று சிரித்துவிட்டுப் பேர் சொன்னார், ஊர் சொன்னார். அரை மணி கழித்து எழுப்பியபோது ஊர்ப் பேர் குழறியது. தலை கனக்கிறது என்றார், வாந்தி வந்தது. பிரஷர் 196. உடனே மருத்துவரைக் கூப்பிட்டு, பிரஷருக்கு மருந்து ஏற்றியபடியே சி.டி. ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினோம். படத்தில், கறுத்துக் கிடந்த அடைப்புப் பகுதிக்கு நடுவே புளியங்கொட்டை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. அதற்கு மேல் அது பெரிதாகவில்லை. இரண்டு வாரம் கழித்துக் கைத்தடியோடு வீட்டுக்குப் போனார். தூங்கவிட்டிருந்தால் காலையில்தான் பார்த்திருப்போம்.

முதல் 24 மணி நேரம், மறுபடி ஸ்கேன் எடுக்கும்வரை, ஆஸ்பிரின் கொடுக்க மாட்டோம். தவிர்க்க முடிந்தால் மூக்குக் குழாய், சிறுநீர்க் குழாய்கூடப் போடாமல் தள்ளிப்போடுவோம். எங்கே குத்தினாலும் ரத்தம் நிற்கச் சிரமப்படும் நேரம் அது.

சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் ஏன் அடிக்கடி விரலில் குத்தி சுகர் பார்க்கிறார்கள்?

உடம்பு பதற்றத்தில் இருக்கும்போது சர்க்கரை தானாகவே ஏறும். ஏறிய சர்க்கரை, பட்டினி கிடக்கும் திசுவில் அமிலத்தைக் கூட்டும், சுவரையும் பலவீனமாக்கும். சுகர் அதிகமாக வந்தவர்களுக்கு ரத்தக்கசிவு அபாயம் அதிகம். பொதுவாக 140க்கும் 180க்கும் நடுவில் வைத்திருக்கப் பார்ப்போம். இன்னும் இறுக்கிப் பிடித்து 80–130 என்று வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2019இல் வந்தது. கூடுதல் பலன் ஒன்றும் இல்லை, தாழ்சர்க்கரைதான் அதிகமானது. பார்க்க வருபவர்கள் இளநீரும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்து ‘தெம்புக்கு’ என்று கொடுப்பதைத் தடுக்கிறோம் என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

காய்ச்சல், விழுங்குவது இதெல்லாம் மூளைச் சுவரோடு எப்படிச் சம்பந்தப்படும்?

நேராகச் சம்பந்தப்படும். காய்ச்சல் ஏறினால் அடிபட்ட திசுவின் பசி கூடும், வீக்க நொதிகளின் வேகம் கூடும், சுவர் மேலும் கசியும். காய்ச்சல் எங்கிருந்து வருகிறது? பல பேருக்கு நுரையீரலிலிருந்து. நுரையீரலுக்கு எப்படி வந்தது? விழுங்கத் தெரியாத தொண்டையில் யாரோ ஒரு வாய் காபி ஊற்றினார்கள். அது உணவுக்குழாயில் போகாமல் மூச்சுக்குழாயில் இறங்கியது. இரண்டாம் நாள் சளி, மூன்றாம் நாள் காய்ச்சல். மூளையின் வீக்கம் உச்சத்துக்கு ஏறுவதும் அதே நாட்களில்தான்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 19 பக்கவாதப் பிரிவுகளில் செய்த ஆய்வு 2011இல் வந்தது. புதிய மருந்து எதுவும் இல்லை. முதல் 72 மணி நேரம் காய்ச்சலைப் பார், 37.5 டிகிரி ஆனாலே பாராசிட்டமால் கொடு. சுகரைப் பார், ஏறினால் இறக்கு. வாயில் எதையும் கொடுக்கும் முன் விழுங்க முடிகிறதா என்று சோதி. இந்த மூன்றையும் செவிலியர்கள் முறையாகச் செய்தார்கள். 90 நாள் கழித்துப் பார்த்தால், இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழும் நிலைக்கு ஆளானவர்களும் சேர்ந்து, வழக்கமான கவனிப்பில் 58 சதவீதம், இந்த முறையில் 42 சதவீதம். சுவரைக் காக்க என்று வந்த எந்த மருந்தும் இதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. எங்கள் வேலை துடைப்பதும் திருப்பிப் படுக்கவைப்பதும்தான் என்று நினைக்கும் ஒவ்வொரு இளம் செவிலியரிடமும் இந்த எண்களைச் சொல்கிறேன்.

அப்படியானால் சுவரைக் காக்கவென்று மருந்தே கிடையாதா?

நிரூபணமான மருந்து இதுவரை இல்லை. தேடாமல் இருந்ததால் அல்ல, நிறையத் தேடியிருக்கிறார்கள். என்.எக்ஸ்.ஒய்-059 என்ற மருந்து 2006இல் வந்த முதல் பெரிய ஆய்வில் கொஞ்சம் நம்பிக்கை தந்தது. அடுத்த ஆண்டே அதைவிடப் பெரிய ஆய்வில் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. கிளிபென்கிளமைடு, நம் வீடுகளில் சர்க்கரை நோய்க்குச் சாப்பிட்ட பழைய மாத்திரை, அதை ஊசியாக்கினால் அடிபட்ட குழாய்ச் சுவரில் புதிதாக முளைக்கும் ஒரு உப்புக் கதவை மூடும் என்பது நல்ல யோசனை. எலிகளில் வீக்கம் நன்றாகவே குறைந்தது. பெரிய பக்கவாதம் வந்த மனிதர்களிடம் செய்த மூன்றாம் கட்ட ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டு, 2024இல் முடிவு வெளியானது: 90 நாளில் நோயாளிகளின் நிலையில் முன்னேற்றம் தெரியவில்லை. வீட்டில் அந்த மாத்திரை இருந்தால் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள், சுகர் பாதாளத்துக்குப் போய்விடும்.

எம்.எம்.பி-9 சுவரை அரிக்கிறது என்றால் அதைத் தடுத்தால் போதுமே என்று மாணவிகள் கேட்பார்கள். அங்கேதான் சிக்கல். முதல் நாட்களில் சுவரை அரிக்கும் இதே நொதிகள், ஒரு வாரம் கழித்துப் புதிய குழாய்கள் முளைக்க இடம் செய்து கொடுக்கின்றன. எலிகளில் தாமதமாக இவற்றைத் தடுத்தபோது குணமாவது கெட்டுப்போனது. இடிக்கும் ஆளே பிறகு கொத்தனாராக வருகிறான். எந்த நாளில் தடுப்பது, எந்த நாளில் விடுவது என்பது ஒவ்வொரு நோயாளிக்கும் மாறும்.

இன்னொரு காரணமும் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆய்வுக்கூட எலி இளமையானது, நோயில்லாதது, அடைப்பு வந்த நிமிடம் தெரியும். எங்கள் கட்டிலில் படுத்திருப்பவருக்கு 65 வயது, பதினைந்து வருடச் சர்க்கரை, பீடிப் பழக்கம், எப்போது வாய் கோணியது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அவருடைய கரை ஏற்கெனவே அரித்துப்போனது.

எழுதிக் கொடுக்கும் சிட்டிகோலின், எடரவோன் போன்றவை?

சிட்டிகோலினை 2012இல் சுமார் 2,300 நோயாளிகளிடம் சோதித்த பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. எடரவோன் ஜப்பானில் 2001 முதல் பக்கவாதத்துக்கு அனுமதி பெற்றது, இங்கேயும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் உலகெங்கும் ஏற்ற சிகிச்சையாக அது ஆகவில்லை. மருத்துவர் எழுதினால் ஏன் என்று கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. தாலியை அடகு வைத்து வாங்க வேண்டிய நிலையென்றால் அதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அந்தப் பணம் பிசியோதெரபிக்கு வேண்டியிருக்கும்.

வீக்கம்தானே, ஸ்டீராய்டு போட்டால் வற்றிவிடாதா?

மூளைக் கட்டியைச் சுற்றிய வீக்கத்துக்கு ஸ்டீராய்டு நன்றாக வேலை செய்யும். பக்கவாத வீக்கத்துக்குச் செய்வதில்லை. சுகரை ஏற்றும், தொற்றுக்கு வழிவிடும். அதனால் கொடுப்பதில்லை.

மானிட்டால் கொடுப்போம், தேவைப்பட்டால் சில நாள். அது ரத்தத்தில் இருந்துகொண்டு மூளையிலிருந்து நீரை இழுக்கும். ஆனால் அப்படி இழுக்கச் சுவர் முழுதாக இருக்க வேண்டும். உடைந்த இடத்தில் மானிட்டாலே உள்ளே கசிந்துவிடலாம். அதனால் அது பெரும்பாலும் நல்ல மூளைப் பகுதியிலிருந்து நீரை எடுத்து இடம் ஒதுக்கிக் கொடுக்கிறது.

மண்டை ஓட்டின் ஒரு பகுதியை எடுக்க வேண்டும் என்கிறார்கள். பயமாக இருக்கிறதே?

பயப்படத்தான் தோன்றும். சுவர் பெரிய அளவில் உடைந்து, மூளையின் ஒரு பக்கம் முழுக்க வீங்கினால், எலும்புப் பெட்டிக்குள் அதற்குப் போக இடமில்லை. கீழே இருக்கும் மூச்சு மையத்தை நசுக்கும். எலும்பைத் திறந்து இடம் கொடுப்பதுதான் வழி. ஐரோப்பாவில் மூன்று ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2007ஆம் ஆண்டுக் கணக்கில், 60 வயது வரையுள்ளவர்களுக்கு 48 மணி நேரத்துக்குள் செய்தபோது ஓராண்டு உயிரோடு இருந்தவர்கள் 78 சதவீதம், செய்யாதவர்களில் 29 சதவீதம். ஆனால் பிழைத்தவர்களில் பலருக்குக் கை கால் குறைபாடு நின்றது. உயிர் மட்டுமா, எப்படிப்பட்ட உயிர் என்று வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய முடிவு இது. பேச உங்களுக்கு மருத்துவர் நேரம் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

சுவர் உடைந்தது ஸ்கேனில் தெரியுமா?

சாதாரண சி.டி.யில் அதன் விளைவுகளான வீக்கமும் கசிவும்தான் தெரியும். எம்.ஆர்.ஐ.யில் கடோலினியம் என்ற மருந்தைச் செலுத்திப் பார்த்தால், அது சுவரைத் தாண்டிக் கசிந்த இடம் பளிச்சென்று தெரியும்.

மஞ்சள், வல்லாரை, புறா ரத்தம்?

மஞ்சளின் குர்குமின் எலியின் மூளைச் சுவரைக் காத்ததாக ஆய்வுகள் உண்டு. சமையலில் போடும் மஞ்சள் ரத்தத்தில் ஏறுவது மிகச் சொற்பம். சாம்பாரில் தாராளமாகப் போடுங்கள், சிகிச்சை என்று நம்பி நேரத்தைக் கடத்தாதீர்கள். வல்லாரைக்கும் அதே பதில். புறா ரத்தம் தேய்த்தால் கை வரும் என்று கூட்டிக்கொண்டு போய், மூன்றாம் நாள் எங்களிடம் வந்தவர்கள் உண்டு. அதில் பலன் எதுவும் இல்லை. போன நேரம் திரும்பாது.

வீட்டில் ஆஸ்பிரின் ஒன்று போட்டுவிட்டுக் கிளம்பலாமா?

வேண்டாம். அடைப்பா, குழாய் வெடித்த ரத்தக்கசிவா என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஸ்கேன் எடுத்த பிறகுதான் தெரியும். வாய் கோணல், ஒரு கை தொங்கல், பேச்சுக் குழறல் மூன்றில் ஒன்று திடீரென்று வந்தாலும் கிளம்புங்கள். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990, சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999. கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சி.டி. இருக்கிற, கரைக்கும் ஊசி போடுகிற ஆஸ்பத்திரி எது என்று இன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உடைந்த சுவர் மறுபடி கட்டிக்கொள்ளுமா?

கட்டிக்கொள்ளும். முதல் வாரத்துக்குப் பிறகு மெல்ல மெல்லப் பூட்டுகள் திரும்பும், புதிய குழாய்கள் முளைக்கும். முளைத்த புதிதில் அவையும் கொஞ்சம் கசியும். வாரக்கணக்கில் ஆகும் வேலை. அதற்கிடையே பழைய எதிரிகள் வந்தால் கட்டுமானம் கெடும்: கட்டுப்படாத பிரஷர், சுகர், புகை. வீடு திரும்பி நிலை சீரான பிறகு, பெரும்பாலானவர்களுக்குப் பிரஷர் 130/80க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது இலக்கு. ஆஸ்பத்திரியில் 200ஐ விட்டுவைத்தார்களே, இப்போது ஏன் 150க்கே திட்டுகிறார்கள் என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அன்று அடைப்புக்கு அப்பால் ரத்தம் தள்ள வேண்டியிருந்தது, இன்று சுவரை நாள்தோறும் இடிக்கும் அலையை நிறுத்த வேண்டியிருக்கிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் குறைத்தாலே பல வீடுகளில் வித்தியாசம் தெரிகிறது. நன்றாக இருக்கிறது என்று மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட்டு இரண்டாம் முறை வருபவர்களைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை.

இன்று ராத்திரி என் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நான் என்ன செய்யலாம்?

அவர் எப்படிப் பேசுகிறார், எந்தக் கையை எவ்வளவு தூக்குகிறார் என்று இப்போதே பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவரை உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் வார்டில் யாருமில்லை. பேச்சு மாறினால், தலை வலிக்கிறது என்றால், வாந்தி வந்தால், எழுப்பினால் கண் திறக்கச் சிரமப்பட்டால், காலைவரை பார்ப்போம் என்று இருக்காதீர்கள், அந்த நிமிடமே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். பத்து முறை கூப்பிட்டு ஒன்பது முறை ஒன்றுமில்லை என்றாலும் யாரும் கோபப்பட மாட்டோம். நெற்றியில் கை வைத்துப் பாருங்கள், சுட்டால் சொல்லுங்கள். தாகமாக இருக்கிறது என்று கெஞ்சுவார், பார்க்கவே கஷ்டமாக இருக்கும். விழுங்கும் சோதனை முடிந்ததா என்று கேட்காமல் ஒரு ஸ்பூன் தண்ணீர்கூட வேண்டாம், உதட்டை மட்டும் ஈரத்துணியால் நனைத்துவிடுங்கள்.